பவுனுக்குப் போட்ட ஊசி

ஓய்வு பெற்றவளிடம் பேச்சுக் கொடுத்தால் எளிதில் விடமாட்டாள் என்று தெரிந்தும் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் என் மேல் குறை சொல்லக்கூடாது. கால்நடை மருத்துவத்தில் புதிதாகக் கால் வைத்திருக்கும் உங்களுக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அதைவிட வேகமாகப் பதில் சொல்ல உங்கள் கையில் போன் இருக்கிறது. இரண்டிலும் கிடைக்காத ஒரு நாளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே பஸ்ஸிலேயே போனது என்று சொன்னால் என் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். காலை பஸ்ஸில் எனக்கென்று ஒரு ஜன்னலோர சீட் இருந்தது. தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் கண்டக்டரே வந்து எழுப்பிவிடுவார். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் குள்ளமாகவும் கால்நடை மருந்தகத்துக்குள் நுழைவேன். கொத்தமல்லிக் காடு பூத்துக் கிடக்கிற மாதங்களில் பஸ்ஸுக்குள் ரசம் கொதிக்கிற வாசனை வரும். வாசலில் எனக்கு முன்பே ஆடுகள் வந்து காத்திருக்கும். இப்போது அந்த நேரத்தில் வீட்டில் சும்மா இருக்கும்போது கை எதையோ தேடுகிறது. சினை ஆட்டின் வயிற்றைத் தடவிப் பழகின கைக்கு டிவி ரிமோட் ஒத்துவரவில்லை.

ஆடும் மாடும்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. நாயும் பூனையும் எப்போதாவது வரும் விருந்தாளிகள். பிறகு டவுனில் மட்டுமில்லை, பரளச்சி, வீரசோழன் என்று உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களிலிருந்தும் நாயையும் பூனையையும் மடியில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் மருந்தகத்துக்கு சரவணன் வந்து சேர்ந்தான். கல்லூரி ஆஸ்பத்திரியில் நாய்களுக்கு ஆபரேஷன் செய்து பழகின பையன். வந்த வாரமே என்னிடம் கேட்டான், “மேடம், நம்மகிட்ட மயக்க மருந்து இருக்கு. வலி மருந்து எங்க இருக்கு?”

கேள்வி நியாயமானது. மயக்கம் வேறு, வலி போவது வேறு என்று படித்திருந்தோம்தான். ஆனால் ஆபரேஷனுக்கு நடுவே நாயின் வலியை அடக்குகிற அபின் வகை மருந்துகள் எங்கள் பக்கம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. அவற்றில் சிலவற்றை அலமாரியில் வைக்கவே தனி அனுமதி வேண்டும், கிராமத்து மருந்தகத்துக்கு அதெல்லாம் எட்டாது. அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் சாதுவான பிள்ளை ஒன்று இருக்கிறது, பியூட்டர்ஃபனால் என்று பெயர். அதை சரவணன்தான் நச்சரித்து நச்சரித்து வரவழைத்தான்.

முதலில் அதை ஒரு பூனைக்குப் போட்டோம். வீரசோழனிலிருந்து ஆயிஷா என்ற பெண் கொண்டுவந்த பூனை. கர்ப்பப்பையில் சீழ் வைத்திருந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பூனை கண் விழித்ததும் பார்த்தால் கண்ணின் கருப்பு முழு வட்டமாக விரிந்து கிடக்கிறது. விரித்திருந்த துண்டை முன்னங்கால்களால் மாவு பிசைவது போலப் பிசைகிறது, புரள்கிறது, உறுமுகிறது. ஆயிஷா பதறிப்போய், துபாயில் இருக்கிற வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். “ஏங்க, பூனைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுங்க!” நான் போனை வாங்கி, பூனைக்கு வலி தெரியவில்லை, அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறது, கண் கூசும், ரூம் லைட்டை மட்டும் அணைத்துவிட்டால் போதும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பூனையையே பார்த்துவிட்டு, “டாக்டரம்மா, அந்த ஊசியில ஒண்ணு இங்கிட்டு அனுப்ப முடியுமா? நாங்க வேலை பாக்குற எடம் அப்புடி” என்றார். ஆயிஷாவே சிரித்துவிட்டாள்.

பூனை அப்படி. அதே மருந்தை வாங்கிக்கொண்ட ஒரு நாய் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லவந்தேன்.

பரளச்சிப் பக்கம் கருப்பையா என்று ஒருவர். கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிடை ஆடு, வீட்டில் எப்போதும் கன்னி நாய். கன்னி என்பது எங்கள் பக்கத்து வேட்டை நாய் இனம். கருத்த உடம்பு, நீண்ட கால், ஒட்டின வயிறு. அதைப் பழைய ஆட்கள் சந்தையில் விற்கமாட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கூடவே அனுப்புவார்கள். கருப்பையாவின் மகள் முத்துமாரிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளோடு போகவேண்டிய நாய் பவுனு. இரண்டு கண்ணுக்கும் மேலே பொன் நிறத்தில் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். முத்துமாரி குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்தது.

கருப்பையாவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆட்டுக்கு ஏதாவது என்றால் வருவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் நாயில் வந்து முடியும். “நம்ம வீட்டு நாயி சத்தம் போடாது டாக்டரம்மா. வெட்டிப் போட்டாலும் சத்தம் போடாது. சத்தம் போட்டா அது கன்னியே இல்ல.” இதைச் சொல்லும்போது அவர் கை தானாக மீசைக்குப் போகும். அந்த வட்டாரத்தில் இந்தப் பெருமை அவருக்கு மட்டும் இல்லை, கன்னி வளர்க்கிற எல்லோருக்கும் உண்டு. குட்டி வாங்க வருகிறவர்கள்கூடக் காதைத் திருகிப் பார்ப்பார்கள். முனகாத குட்டிக்குத்தான் கிராக்கி.

கார்த்திகையில் ஒரு காலை, நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மருந்தக வாசலில் லோடு ஆட்டோ நின்றது. மக்காச்சோளக் காட்டுக்குள் காட்டுப்பன்றி புகுந்திருக்கிறது. பவுனு அதன் மேல் பாய்ந்திருக்கிறாள். பன்றி கோரைப்பல்லால் வயிற்றைக் கிழித்துவிட்டது. “காவலுக்குத்தான் போனோம் டாக்டரம்மா” என்று கருப்பையா நான் கேட்காமலேயே சொன்னார். வேட்டைக்குப் போனீர்களா என்று நான் கேட்டால்தானே! முத்துமாரி ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து, வெளியே வந்த குடலை ஈரத் துண்டால் பொத்திப் பிடித்திருந்தாள். வழி நெடுக அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பவுனும் ஒரு சத்தம் போடவில்லை. தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

சரவணன் துண்டை விலக்கிப் பார்த்தான். குடல் கிழியவில்லை. அழுக்கு ஒட்டியிருந்தது, ரத்தம் நிறையப் போயிருந்தது. தைத்துவிடலாம். பயம் வேறு இடத்தில் இருந்தது. இந்த வகை நாயின் உடம்பில் கொழுப்பே கிடையாது. மயக்க மருந்து போய் ஒதுங்க இடம் இல்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். கொஞ்சம் கூடினாலும் தூங்கின நாய் எழுந்திருக்காது. குறைத்துக் கொடுத்தால் பாதியில் விழிக்கும். சரவணன் தெளிவாகச் சொன்னான், “மொதல்ல வலி ஊசியப் போட்டுருவோம் மேடம். வலி தெரியலன்னா மயக்கம் கொஞ்சம் போதும்.” நானும் அதைத்தான் யோசித்தேன். இருந்தாலும் அவன் சொல்லிக் கேட்க நன்றாக இருந்தது.

கெட்ட நேரம், அவன் அதோடு நிற்கவில்லை. கருப்பையாவிடம் போய், இது அபின் வகையைச் சேர்ந்த மருந்து என்று பொறுப்பாக விளக்கவும் செய்துவிட்டான். அவர் ஆடிப்போனார்.

“அபினா? போதை ஊசியா போடப்போறீக? நாயி மழுங்கிப் போயிரும் டாக்டரம்மா. நாளப்பின்ன மோப்பம் இருக்காது, ஓட்டம் இருக்காது. அதக் கொண்டுபோயி எம்மக மாமியார் வீட்டுல எப்புடி நிறுத்துவேன்? அது சத்தம் போடாது, நீங்க சும்மா தச்சுவிடுங்க.”

“ஐயா, அது சத்தம் போடாதுன்னு எனக்குத் தெரியும். வலிக்காதுன்னு யாரு சொன்னா?” என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன். அந்த நேரத்தில் நயமாகப் பேச எனக்கு வராது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஊசியைப் போட்டோம்.

ஆபரேஷன் எப்படிச் செய்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். குடலைக் கழுவி உள்ளே வைக்கும்போது, அதுவரை சீராக இருந்த இதயத் துடிப்பு திடீரென்று ஏறியது. நாய் அசையவில்லை. காது மடல் கூட ஆடவில்லை. தூங்குகிற நாய்தான், ஆனால் உடம்புக்குள்ளே எதுவோ ஓடுகிறது. சரவணன் கையை நிறுத்தி என்னைப் பார்த்தான். இந்த இடத்தில் மயக்கத்தைக் கூட்டினால் துடிப்பு அடங்கும், மூச்சும் சேர்ந்து அடங்கலாம். நான் வலி ஊசியை இன்னொரு தடவை, குறைந்த அளவில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கியது. அசையாமல் கிடக்கிற உடம்பை நம்பாதீர்கள், நாடியை நம்புங்கள் என்று நான் உங்களிடம் பாடுகிற பாட்டு அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

தையல் முடிந்தது. பவுனைப் பக்கத்து அறையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். நல்லபடி முடிந்தது என்று நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டது அந்த ஊளை.

நாய் ஊளையிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது அப்படி இல்லை. நிறுத்தாமல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, குழந்தை அழுவது போல ஏறிக்கொண்டே போன சத்தம். ஆடுகளை ஓட்டிவந்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். உள்ளே ஓடினேன். பவுனு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு கத்துகிறாள். கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. முத்துமாரி “பவுனு, பவுனு” என்று முகத்துக்கு நேரே கூப்பிடுகிறாள். நாய்க்கு அவளைத் தெரியவே இல்லை.

கருப்பையா அறை வாசலில் நின்றார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து சத்தம் போடாத நாய், பன்றி கிழித்தபோது கூடச் சத்தம் போடாத நாய், இப்போது ஊர் கேட்கக் கத்துகிறது. அப்படியென்றால் இது எப்பேர்ப்பட்ட வலியாக இருக்கவேண்டும்! அவர் கணக்கு அதுதான். வேறு எந்தக் கணக்கும் அவருக்குத் தெரியாது.

“முடிச்சுவிட்டுருங்க டாக்டரம்மா” என்றார். “இத என்னால கேக்க முடியல. ஒரு ஊசியப் போட்டு முடிச்சுவிடுங்க. சித்திரவதை படுது.”

இன்னொரு பக்கம் சரவணன் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வலி ஊசி, இன்னும் ஒரு அளவு. நாய் கத்துகிறது, வலிக்கிறது, கூடக் கொடுப்போம் என்பது அவன் கணக்கு. அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் கை அதைத்தான் செய்யும். ஒருவர் சாக ஊசி கேட்கிறார், ஒருவன் வலிக்கு ஊசி ஏற்றுகிறான், வாசலில் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். எனக்கு எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் முத்துமாரி திரும்பினாள். அன்று காலையிலிருந்து அவள் அப்பாவிடமோ எங்களிடமோ பேசின முதல் பேச்சு அது. “ஏய்யா, இது எனக்குன்னு விட்ட நாயி. என்னையக் கேக்காம ஊசி போடச் சொல்லாதீக.”

அவள் கத்திச் சொல்லவில்லை. ஆனால் அறை அடங்கிவிட்டது, நாயைத் தவிர. அவள் வாங்கிக் கொடுத்த அந்தச் சின்ன அவகாசம் எனக்குப் போதுமாக இருந்தது.

நான் பவுனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல் போட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி விரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வயிறு இளக்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே அழுத்தினேன். தலையைத் திருப்பி என் கையைத் தேடவில்லை, காலை இழுக்கவில்லை. வலிக்கிற நாய் என்றால் இந்நேரம் என் விரலுக்குப் பதில் சொல்லியிருக்கும். அவளுக்கு வயிறு இருப்பதே ஞாபகம் இல்லை. கத்துவது வலியால் இல்லை. மருந்து மூளைக்கு ஏறி, தான் எங்கே இருக்கிறோம், எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் மிரண்டுபோய்க் கத்துகிறாள். பூனையைக் குஷியில் புரளவைத்த அதே மருந்து இவளைக் காட்டில் தனியாக விட்டுவிட்டது.

“சரவணா, ஊசியக் கீழ வை” என்றேன். “இன்னும் கொடுத்தோம்னா இன்னும் மிரளுவா. அதுக்கப்புறம் அடங்குறது வலியா இருக்காது, மூச்சா இருக்கும்.”

அவன் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனே வந்து தையலுக்குப் பக்கத்தில் அழுத்திப் பார்த்தான். அப்படித்தான் பார்க்கவேண்டும், சீனியர் சொன்னாள் என்பதற்காக நம்பக்கூடாது. பார்த்துவிட்டு ஊசியை வைத்தான்.

மருந்தை முறிக்கிற மருந்து ஒன்று உண்டு. அதைப் போட்டால் மிரட்சி போகும், கூடவே வலி மறைப்பும் மொத்தமாகப் போய்விடும். புதுத் தையலோடு அவளை வலியின் நடுவே தூக்கிப் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தூக்கத்துக்குத் துளிபோல ஒரு மருந்து கொடுத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். பவுனின் கண்ணில் துணியைப் போட்டு, முத்துமாரியைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினேன். கருப்பையாவிடம் சொன்னேன், “ஐயா, சத்தம் நிக்கிற வரைக்கும் டைம் குடுங்க. நின்னதுக்கப்புறமும் முடிச்சுவிடச் சொன்னீகன்னா அப்பப் பேசுவோம்.” அவர் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார், சத்தம் கேட்காத தூரத்தில்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிச்சயம் இல்லை. என் கணக்குத் தப்பாக இருந்தால், ஒரு உயிரைக் கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நேரம் போல நீண்ட நேரம் எனக்குப் பணியில் வேறு இல்லை. பிறகு ஊளை முனகலானது. முனகல் பெருமூச்சானது. முத்துமாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மறுபடியும் சாத்திக்கொண்டாள். சரவணன் போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். அந்த டீயின் ருசியை இப்போதும் சொல்வேன், சர்க்கரை அதிகம், சுக்கு தட்டிப் போட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதவேண்டிய அவசியமே இல்லை. மருந்தின் பக்கவிளைவு என்று புத்தகத்தில் ஒரு பத்தியில் இது இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து அறைக்குப் போனேன். பவுனு எழுந்து நின்றிருந்தாள். கண் தெளிவு. முத்துமாரியைத் தெரிகிறது, என்னைத் தெரிகிறது. சத்தம் துளி இல்லை. கருப்பையா உள்ளே வந்துவிட்டார், முகம் மலர்ந்து கிடந்தது. கை மீசைக்குப் போயிருந்தது.

“பாத்தீகளா டாக்டரம்மா, நம்ம நாயி! காலையில வயிறு கிழிஞ்சது, இந்நேரம் எந்திரிச்சு நிக்கிது. படுக்கக்கூட இல்ல பாருங்க. சத்தம்? மூச்சு விடுமா? ஆட்டோவக் கூப்புடவா, கொண்டுக்கிட்டுப் போயிருவோம்.”

நான் பவுனைப் பார்த்தேன். முதுகு லேசாக வளைந்திருந்தது. வயிறு மேலே இழுத்திருந்தது. முன்னங்காலை மடக்கப் பார்ப்பாள், பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் நிமிர்வாள். முத்துமாரி நீட்டின பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் அழுத்தின அதே இடத்தில் விரலை வைத்தேன். வயிறு பலகை போல இறுகியது. வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இந்த மருந்து நாயின் உடம்பில் அதிக நேரம் நிற்பதில்லை. காலையில் போட்டது எப்போதோ இறங்கிவிட்டது. இழந்த ரத்தத்தை நினைத்து, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அபின் வகை அல்லாத வழக்கமான வலி ஊசியையும் தள்ளிப்போட்டிருந்தோம். “சரவணா, அதே மருந்து, அளவக் கொறச்சு, மெதுவா” என்றேன். காலையில் இரண்டு தடவை போட்ட மருந்தும் மயக்கம் தெளிகிற குழப்பமும் சேர்ந்துதான் அவளை மிரட்டின; வலி இருக்கிற இந்த நேரத்தில் கொஞ்சமாகப் போட்டால் அப்படி ஆகாது. அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. நாய் நிற்கிற நிலையை அவனும் பார்த்துவிட்டான்.

கருப்பையா குறுக்கே வந்து நின்றார்.

“அதே ஊசியவா? டாக்டரம்மா, அந்த ஊசிதான அதப் பைத்தியமா கத்த வச்சுச்சு? நீங்கதான சொன்னீக? இப்ப அமைதியா நிக்கிறதக் கெடுக்கணுமா? கத்துறப்பப் போடாதன்னு சொன்னீக, சும்மா நிக்கிறப்பப் போடுங்கிறீக. எனக்கு ஒண்ணுமே வெளங்கலம்மா.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. காலையில் நான் ‘டைம் குடுங்க’ என்றபோது அவர் கொடுத்தார். இப்போது விளக்கம் கேட்கிறார். பேசி அவருக்குப் புரியவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தேன். ஆட்டின் நாடி பார்க்கத் தெரிந்த மனிதர்தான். பவுனின் தொடைக்குள்ளே நாடி ஓடுகிற இடத்தில் அவர் விரல்களை வைத்தேன். இன்னொரு கையைத் தையலுக்குச் சற்றுத் தள்ளி வயிற்றில் வைத்தேன்.

“இப்ப லேசா அழுத்துங்க.”

அழுத்தினார். அவர் விரலுக்குக் கீழே நாடி பிய்த்துக்கொண்டு ஓடியதை அவர் முகத்திலேயே என்னால் பார்க்க முடிந்தது. வயிறு இறுகி நடுங்கியது. பவுனு குனிந்து, வலிக்கிற இடத்தில் அழுத்துகிற அந்தக் கையை நக்கினாள். சத்தம் போடவில்லை.

அவர் கையை எடுக்கவில்லை, அழுத்துவதை மட்டும் விட்டுவிட்டார்.  பிறகு என்னிடம் திரும்பாமலே பேசினார்.

“பன்னி கிழிச்ச நாயிகள எங்கையாலயே தச்சிருக்கேம்மா. கோணி ஊசி, நூலு, மஞ்சப் பொடி. எங்கய்யா தச்சாரு, நானும் தச்சேன். ஒண்ணுகூடச் சத்தம் போட்டதில்ல. தச்சு முடிச்சதும் இப்புடித்தான் நிக்குங்க. விடிய விடிய நிக்கும், படுக்காது. ஊர்க்காரங்க வந்து பாத்துட்டு, கருப்பையா நாயின்னா நாயிதான்டான்னு சொல்லிட்டுப் போவாக. நானும் பெருமையா நின்னேன்.” வயிற்றில் இருந்த கை நாயின் முதுகுக்குப் போனது. “அம்புட்டும் வலியிலயா நின்னுச்சுக?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அறுபதைத் தாண்டின மனிதர், அதுவும் நாயை உயிராக நினைக்கிறவர். ஒரு பொய்யில் என்ன கெட்டுவிடப்போகிறது? ஆனால் அவர் விரல் இன்னும் நாடியில் இருந்தது. அந்தக் கைக்கு நான் என்ன பொய் சொல்ல முடியும்?

“ஆமாங்கய்யா” என்றேன். “வலிச்சிருக்கும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே இருந்துகொண்டு சரவணனிடம், “போடுங்க தம்பி” என்றார்.

சரவணன் மெதுவாக, நாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டே போட்டான். இந்த முறை ஊளை இல்லை. கொஞ்ச நேரத்தில் பவுனின் முதுகு இறங்கியது. முன்னங்காலை மடக்கினாள், பின்னங்காலை மடக்கினாள், அடிபடாத பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். முத்துமாரி கிண்ணத்தைத் தரையோடு நகர்த்தினாள். பவுனு படுத்தபடியே பாலை நாலு நக்கு நக்கினாள். கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போனார். அன்று அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை.

இப்போது நீங்கள் வேலை பார்க்கிற இடங்களில் கருவி இருக்கிறது, திரை இருக்கிறது, துடிப்பு ஏறினால் அதுவே சத்தம் போட்டுச் சொல்கிறது. சந்தோஷம். எனக்குப் பொறாமை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்து வயரை எல்லாம் கழற்றின பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் பேசாமல் நிற்கிற நாய்க்கு முன்னால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். கத்துவதற்கெல்லாம் ஊசி போடாதீர்கள், கத்தாததை எல்லாம் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தொட்டுப் பாருங்கள். இரண்டு தடவை தொட்டுப் பாருங்கள்.

பவுனு பிழைத்தாள். தையில் கல்யாணத்துக்கு என்னையும் சரவணனையும் வந்து கூப்பிட்டார்கள். பரளச்சியில் வீட்டு முன்னால் பந்தல். சாப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் ஒரு கட்டுரை ஆகும், விடுங்கள். சாயந்தரம் பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. வண்டி வந்து நின்றது. சீர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. முத்துமாரி கண்ணில் தண்ணீர் இல்லாமல், விறைப்பாக நின்றிருந்தாள். அழாத பெண் என்று கூட்டத்தில் யாரோ மெச்சிக்கூடப் பேசினார்கள்.

கருப்பையா பவுனைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தார். வயிற்றில் முடி முளைக்காத தழும்பு ஒன்று நீளமாகத் தெரிந்தது. நாயைக் கொடுக்கும்போது அதன் பெருமையைச் சொல்லிக் கொடுப்பதுதான் வழக்கம். ஓட்டத்தைச் சொல்வார்கள், வெட்டினாலும் சத்தம் போடாது என்பதைச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்கத்தான் சுற்றி நின்றார்கள்.

கருப்பையா கயிற்றை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, இது சத்தம் போடாது” என்றார். “சத்தம் போடலைன்னா வலிக்கலன்னு நெனச்சுராதீக. படுக்காம நின்னாலோ, சாப்புடாம இருந்தாலோ, பக்கத்துல ஒக்காந்து தொட்டுப் பாருங்க.” அவர் பார்வை நாயிடமிருந்து மகளிடம் போனது. “எங்க வீட்டுல யாருமே சத்தம் போடமாட்டாக மாப்ளே. நான் அப்புடி வளத்துட்டேன்.”

மாப்பிள்ளை சரி என்று தலையாட்டினார். முத்துமாரி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள்.